ஓவனுக்குள் வைத்த கேள்வி

செண்பகவடிவு ஒரு நாளைக்கு மூவாயிரம் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி. அதற்குள் பச்சைப் பட்டனையோ சிவப்புப் பட்டனையோ அழுத்திவிட வேண்டும். பச்சை அழுத்தினால் எங்கோ ஒரு வீட்டில் மைக்ரோவேவ் ஓவன் ஓடத் தொடங்கும். சிவப்பு அழுத்தினால் அது ஓடாது. "இது ஆகாது" என்று இனிமையான பெண்குரலில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அடுக்குமாடி வீடுகளில் அடுத்தடுத்து சில தீ விபத்துகள். ஒருவர் அலுமினியத் தாளில் சுற்றிய பிரியாணியை அப்படியே உள்ளே வைத்தார். ஒருவர் ஓட்டோடு முட்டையை வைத்துவிட்டுக் கதவருகே குனிந்து பார்த்தார். ஆகவே இனி விற்கிற ஓவன் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கண் இருக்க வேண்டும், உள்ளே வைத்ததில் ஆபத்தில்லை என்று அந்தக் கண் ஒப்புக்கொண்டால்தான் ஓவன் ஓட வேண்டும் என்று விதி போட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை எந்திரமே முடிவு செய்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் படம் கோவில்பட்டிக்கு வரும்.

கோவில்பட்டியில் பைபாஸ் ஓரம், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடத்தின் மாடியில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். ஓர் ஓவனின் படங்கள் எப்போதும் ஒரே ஆளிடம்தான் வரும். ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறினால் வாடிக்கையாளர் குழம்பிவிடுவார் என்று கம்பெனி அப்படி ஏற்பாடு செய்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் ஞானதுரை பாடம் எடுத்தார்.

"உலோகம் சிவப்பு. இறுக்கி மூடின டப்பா சிவப்பு. ஓடு உரிக்காத முட்டை சிவப்பு, உரிச்சும் வெட்டாத முட்டையும் சிவப்பு. காலியா ஓட்டுனா சிவப்பு. வெறும் தண்ணின்னா உள்ள ஒரு மரக் கரண்டி கிடக்கணும். இல்லைன்னா கொதிக்காத மாதிரியே அமைதியா இருந்துட்டு, கையில எடுத்ததும் மூஞ்சியில பொங்கிரும்."

"சிவப்புக்குக் காரணம் சொல்லலாமா சார்?" என்று வடிவு கேட்டாள்.

"கூடாது. காரணம் சொன்னா அதைச் சரிபண்ணிட்டு வேற ஒண்ணை வெடிக்க வைப்பாங்க. அப்புறம் கேஸ் நம்ம மேல வரும்னு வக்கீலுங்க சொல்லிட்டாங்க. பச்சை, சிவப்பு. அவ்வளவுதான்."

வடிவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். அதற்கு முன் ஒரு கல்லூரி விடுதியில் சமையலை மேற்பார்த்தவள் என்பதால் பாத்திரத்தைப் பார்த்ததும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிடும். வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஜனங்கள் உள்ளே வைப்பவை பற்றி ஆச்சரியப்படுவதை முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டாள். ஈரச் சாக்ஸ் வரும். மழையில் நனைந்த செல்போன் வரும். ஒரு பெரியவர் தினமும் காலையில் தன் பல்செட்டை வைத்தார். ஒரு வீட்டில் ஐம்பொன் பிள்ளையாரை வைத்திருந்தார்கள், ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாம் சிவப்பு.

எண் 7731 என்று முடியும் ஓவனின் படம் மதியம் ஒரு மணிக்கு வரும். முதல் நாள் எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு வந்தது. சிவப்பு. அந்த வீட்டுப் பெண் அதே கிண்ணத்தைத் தட்டு போட்டு மூடி வைத்தாள். சிவப்பு. சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி மூடியை இறுக்கி வைத்தாள். சிவப்பு. பிறகு பீங்கான் கிண்ணம், மூடி இல்லை. பச்சை.

கதவு திறந்து மூடும்வரை கண் வெளியேயும் கொஞ்சம் பார்க்கும். ஒரு பெண்ணின் கைகள், நைட்டியின் விளிம்பு, பின்னால் ஒரு துண்டு சமையலறை. வலது மணிக்கட்டுக்கு மேலே சிகரெட் முனை அளவில் மூன்று தழும்புகள் வரிசையாக இருந்தன. வடிவு அதைப் பார்த்தாள். அதற்கென்று பட்டன் எதுவும் இல்லை.

இரண்டாம் வாரம் அந்தப் பெண் குழந்தையின் பால் பாட்டிலை வைத்தாள். சிவப்பு. மூடியைக் கழற்றி வைத்தாள். சிவப்பு. பாட்டிலில் பால் ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும், குழந்தையின் வாய் வெந்துபோகும். அதைச் சொல்ல வழியில்லை. மூன்றாவது தடவை பாட்டில் வரவில்லை. ஒரு காகிதம் வந்தது. பால் பாக்கெட் ரசீதின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தாள்: "உள்ள ஆள் இருக்கா?"

வடிவின் விரல் சிவப்பில் விழுந்தது. வெறும் காகிதம் தீப்பிடிக்கும். விரல் பழக்கத்தில் செய்த வேலை அது. "ஆள் இருக்கா" என்று கேட்டவளிடம் ஓவன் "இது ஆகாது" என்று சொல்லியிருக்கும். வடிவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு பீங்கான் குவளையில் தண்ணீர் வந்தது. அதில் சாய்த்து அதே காகிதம். மரக் கரண்டி இல்லை. சிவப்பு. அவள் என்ன நினைத்தாளோ, கரண்டியைப் போட்டாள். இப்போது விதிப்படி எல்லாம் சரி. "உள்ள ஆள் இருக்கா?"

பச்சை.

அரை நிமிடம் ஓவன் ஓடியது. கதவு திறந்தபோது அந்தக் கைகள் காகிதத்தை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

அதன்பின் தினமும் ஒரு காகிதம் வந்தது. "பொம்பளையா?" பச்சை. "பால் பாட்டிலை இதுல வைக்கவே கூடாதா?" அதற்குப் பச்சை. "தண்ணியை மட்டும் சுட வச்சு, பாட்டிலை வெளிய அந்தத் தண்ணிக்குள்ள நிப்பாட்டலாமா?" பச்சை. அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்பதில் வடிவுக்குச் சந்தோஷம். "பிளாஸ்டிக் டப்பா கூடாதா?" பச்சை. "நேத்து ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னைக்கு இல்ல. பயப்படணுமா?" இதற்குச் சிவப்பு அழுத்தினாள். அது தவறான சிவப்பு. குவளையில் குற்றம் ஒன்றும் இல்லை. நூற்றில் ஒரு படத்தைத்தான் தணிக்கை செய்வார்கள் என்பதால் அது தப்பித்தது.

ஒரு நாள் காகிதத்தை வேறு கை வைத்தது. மோதிரமும் வளையலுமாய் இன்னொரு பெண். "எனக்கு டிரான்ஸ்பர் கிடைக்குமா?" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. குவளை சரியாக இருந்தது. வடிவு பச்சை அழுத்தினாள். மறுநாள் பழைய கை வந்தது: "அண்ணிகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டேன். தப்பா?"

தப்பில்லை என்று சிவப்பு அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் ஓவன் அதை "இது ஆகாது" என்று சொல்லியிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

அண்ணிக்கு டிரான்ஸ்பர் கிடைத்துவிட்டது. அதுதான் விஷயம் கைமீறியதற்குக் காரணம். அவள் தன் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சொல்ல, குழு இன்னொரு குழுவுக்குச் சொல்ல, நாற்பது நாளில் கோவில்பட்டிக்குத் தினமும் இருபதாயிரம் காகிதங்கள் வர ஆரம்பித்தன. பீங்கான் குவளை, தண்ணீர், மரக் கரண்டி, சாய்த்து வைத்த கேள்வி. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கு ஊருக்குப் போக வேண்டும், இது வீட்டிலேயே இருக்கிறது.

வீடு வாங்கலாமா. இந்த மாப்பிள்ளையை முடிக்கலாமா. ஆபரேஷன் செய்யலாமா. மாமியாரை முதியோர் இல்லத்தில் விடலாமா. அவளுக்கு வேறு யாராவது உண்டா.

ஒரு சுற்றறிக்கை வந்தது. ஞானதுரை அதை எழுந்து நின்று வாசித்தார். "காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். பாத்திரத்தை மட்டும் பார்க்கவும்."

"எப்படி சார் படிக்காம இருக்க?" என்று பாத்திமுத்து கேட்டாள். அவள் காயல்பட்டினத்துக்காரி, வடிவுக்குப் பக்கத்து இருக்கை. "கண்ணுக்குத் தமிழ் தெரியுதே."

"தெரிஞ்சாலும் படிக்காதீங்கம்மா."

பெரும்பாலோர் சுற்றறிக்கைப்படியே நடந்தார்கள். அதனால் குவளையைச் சரியாக வைத்தவர்களுக்கெல்லாம் வாழ்க்கையில் நல்ல பதில் கிடைத்தது. ஜாதகக் காகிதத்தில் குண்டூசி குத்திக் கேட்டவர்களுக்கு ஆகாது என்று வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த தங்க மையால் எழுதிக் கேட்டவர்களுக்கு, அந்த மை உள்ளே பொறி கிளப்பும் என்பதால், கல்யாணம் ஆகாது என்று வந்தது. அப்படிப் பதினேழு நிச்சயதார்த்தங்கள் நின்றுபோனதாக ஒரு பத்திரிகை எழுதியது. கம்பெனி உடனே ஓவனுக்கு ஏற்ற கேள்வித்தாள் என்று நூறு தாள் கொண்ட கட்டு ஒன்றை விற்பனைக்கு விட்டது. ஓவன் விற்பனையும் இரட்டிப்பானது. யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை.

பாத்திமுத்து மட்டும் இஷ்டத்துக்கு அழுத்தினாள். "வேலையை விடலாமான்னு எவ கேட்டாலும் நான் சிவப்புதான் வடிவக்கா," என்றாள். "நான் ஒரு தடவை விட்டுட்டு ரெண்டு வருசம் அழுதேன்."

"ஒனக்கு அவங்க யாருன்னே தெரியாதே."

"அவங்களுக்கும் நான் யாருன்னு தெரியாதுல்லா. கணக்குச் சரியாப் போச்சு."

வடிவு யாருக்கும் அப்படிச் செய்யவில்லை. 7731 தவிர மற்ற எல்லோருக்கும் அவள் பாத்திரத்தைத்தான் பார்த்தாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரைக்கு 7731 வந்தது. அந்த ஓவன் அந்த நேரத்தில் வந்ததில்லை. கதவு திறந்தபோது பின்னால் சமையலறை நிறைய ஆட்கள் தெரிந்தார்கள். நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பெரியவர். அண்ணியின் வளையல் கை. ஓர் ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். குவளையைப் பெரியவர்தான் வைத்தார். பயபக்தியாக, இரண்டு கையாலும். காகிதம் கம்பெனி கேள்வித்தாள். பெரிய பெரிய எழுத்து: "நிறைமதி தன் புருஷனோடு திரும்பிப் போகலாமா?"

பெயர் நிறைமதி என்று அன்றுதான் தெரிந்தது.

பீங்கான் குவளை. முக்கால் அளவு தண்ணீர். மரக் கரண்டி. குண்டூசி இல்லை, மை சரி. பச்சையைத் தவிர வேறு எதையும் அழுத்த இடமில்லாத படம்.

இருபது வருடத்துக்கு முன், எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கோயிலில் வடிவுக்காகப் பூக்கட்டிப் பார்த்தார்கள். அப்பா, பெரியப்பா, அவள் புருஷன், அவன் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் புருஷனோடு திரும்பிப் போகலாம், சிவப்பு அரளி வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. போனாள். மூன்றாம் மாதம் அவன் அறைந்ததில் இடது காது கேட்காமல் போயிற்று. அவள் பூவைக் குற்றம் சொன்னதில்லை. பூவுக்கு அவளைத் தெரியாது.

மூன்றாவது விநாடியில் வடிவு சிவப்பை அழுத்தினாள்.

கதவு திறந்தது. பெரியவரின் முகம் குனிந்து உள்ளே பார்த்தது. குவளையை மாற்றினார்கள். கரண்டியை மாற்றினார்கள். அதே காகிதம். சிவப்பு.

மூன்றாவது தடவை வெள்ளைச் சட்டைக்காரனே வந்து வைத்தான். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. அவன் பின்னால், சுவரோடு ஒட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். வடிவு அவள் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். சின்ன முகம். மூக்குக் கண்ணாடி. அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக ஓவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு.

கதவு திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே யாரும் எதையும் வைக்கவில்லை. வெள்ளைச் சட்டை அந்தத் துண்டுச் சமையலறையிலிருந்து விலகிப் போயிற்று. பெரியவரும் போனார். பிறகு யாரோ குவளையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, பீங்கான் கிண்ணத்தில் ரசம் சாதம் வந்தது. வடிவு பச்சை அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒரே காகிதத்துக்குத் தொடர்ந்து மூன்று சிவப்பு விழுந்தால் அது தானாகவே மேற்பார்வையாளருக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை ஞானதுரை அவளைக் கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கிற பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது அவர் வழக்கம்.

"இந்தப் படத்தைப் பாடப் புத்தகத்துல போடலாம்," என்றார். "அவ்வளவு சரியா வச்சிருக்காங்க. மூணு தடவை சிவப்பு. ஏம்மா?"

"ஆபத்தா இருந்துச்சு சார்."

"எது?"

"திரும்பிப் போறது."

"படிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"படிச்சிட்டேன் சார்."

ஞானதுரை திரையைத் தன் பக்கம் திருப்பினார். அவருக்கும் இரண்டு தங்கைகள் உண்டு என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தவறு என்று குறித்தால் வடிவுக்கு வேலை போய்விடும். அவர் காரணப் பட்டியலைத் திறந்தார். உலோகம், மூடி, முட்டை என்று போய் ஒன்பதாவதாக "பாத்திரத்தில் விரிசல்" என்று இருந்தது.

"குவளையில விரிசல்," என்றார். "கண்ணுக்குத் தெரியாத விரிசல். உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

"குவளையை மாத்தினாங்களே சார்."

"ரெண்டு குவளையிலயும் விரிசல். பேசாம இருங்கம்மா."

கீழே இருந்த கட்டத்தில், "மேற்பார்வையாளர் ஆய்ந்து ஒப்புக்கொண்டது" என்று மூன்று படத்துக்கும் டிக் போட்டார். வடிவு எழுந்து நன்றி சொன்னாள். "டீ குடிச்சிட்டு போய் உக்காருங்க," என்றார் அவர்.

ஐப்பசியில் காகிதங்கள் நாளைக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. நாற்பது பேரால் ஆகாது. கேள்வித்தாள் வந்தால் எந்திரமே முடிவு செய்துகொள்ளும்படி கம்பெனி அதைப் பழக்கிவிட்டது. பெண்கள் இருபத்தாறு பேரை நிறுத்தினார்கள். பாத்திமுத்துவும் போனாள். வடிவின் திரையில் மறுபடியும் சாப்பாடு மட்டும் வந்தது. 7731 எதை வைத்தாலும் விதிப்படி வைத்ததால் அதுவும் கோவில்பட்டிக்கு வருவது நின்றுபோனது.

கார்த்திகை மாதம் ஒரு காலை, ஞானதுரை வடிவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டு.

"திரும்பின்னு எழுதியிருந்தா ஓவன் ஓட மாட்டேங்குதும்மா," என்றார்.

"புரியல சார்."

"எந்திரம் எப்படிக் கத்துக்குது? நீங்க எல்லாரும் அழுத்தின பட்டனைப் பாத்துத்தான். குவளை, தண்ணி, தாள் எல்லாம் ஒண்ணுபோல இருக்கு, எல்லாத்துக்கும் பச்சை. பாத்திமுத்து மாதிரி அங்கங்க அழுத்தின சிவப்பை எல்லாம் கைப்பிழைன்னு கழிச்சிருச்சு. ஆனா ஒரு இடத்துல மூணு சிவப்பு வரிசையா இருக்கு. குவளையை மாத்தினாலும் சிவப்பு. மேற்பார்வையாளர் வேற ஒப்புதல் குடுத்திருக்கான். அப்ப இதுல என்னமோ இருக்குன்னு தேடியிருக்கு. மத்த எதுலயும் வித்தியாசம் இல்ல. எழுத்துலதான் இருக்கு. திரும்பிப் போறது ஆபத்துன்னு எடுத்துக்கிச்சு."

"எத்தனை பேருக்கு சார்?"

"ஆறாயிரத்துச் சொச்சம்." அவர் முதல் தாளைப் புரட்டினார். "இவரு மஸ்கட்ல வேலை பாக்காரு. அப்பாவுக்கு முடியல. ஊருக்குத் திரும்பி வரலாமான்னு வீட்ல கேட்டிருக்காங்க. ஆகாதுன்னுருச்சு. அவரு வரல. அப்பா போய்ச் சேந்துட்டாரு. புகார் குடுத்திருக்காங்க."

வடிவு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கோணல் எழுத்து. எழுதியது வயதான ஓர் அம்மாவாக இருக்க வேண்டும்.

"நான் அழுத்தினது ஒருத்திக்கு சார்."

"எந்திரத்துக்கு ஒருத்தின்னு கிடையாதும்மா. அது எல்லாருக்கும்னு எடுத்துக்கும்." கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "டிக் போட்டவன் நான்தானே," என்றார்.

மறுத்த காகிதங்களை எல்லாம் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து, எந்திரம் சொன்னது சரியா தவறா என்று குறித்துத் தர வேண்டும், அதை வைத்துத் திருத்திக்கொள்வோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. வடிவு தானே செய்வதாகச் சொன்னாள். இந்த வேலைக்கு விநாடிக் கணக்கு இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது.

படிப்பைத் திரும்பி ஆரம்பிக்கலாமா: சிவப்பு, தவறு. கோபித்துக்கொண்டு போன தம்பியைத் திரும்பிக் கூப்பிடலாமா: தவறு. மறுபடி ஆம்பூருக்கே திரும்பிக் கடை போடலாமா: தவறு. அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். அந்த 'ஆகாது' என்பதைக் கேட்டுவிட்டு இவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தாள். சிலர் மறுநாளும், அதற்கு மறுநாளும் கேட்டிருந்தார்கள். பலர் ஒரே தடவைதான் கேட்டிருந்தார்கள்.

புருஷனிடம் திரும்பிப் போகலாமா என்று கேட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தாள். தவறு என்று குறித்தால் இனி இப்படிக் கேட்கிற எல்லோரையும் ஓவன் போகச் சொல்லும். சரி என்று குறித்தால் எல்லோரையும் போகாதே என்று சொல்லும். அந்தக் கைகளைப் பார்த்தாள். மருதாணிக் கை. மாவு ஒட்டிய கை. ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. அது எதனால் என்று படத்தில் இல்லை.

"இது எனக்குத் தெரியாது சார்," என்று ஞானதுரையிடம் காட்டினாள்.

"தெரியாதுன்னு ஒரு கட்டம் இல்லையேம்மா. சரி, தவறு, ரெண்டுதான்."

பன்னிரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு, கடைசிப் பக்கத்தில் 7731 வந்தது. மொத்தம் பதினொரு படங்கள், ஐப்பசி கடைசியிலிருந்து பதினைந்து நாளில் எடுத்தவை. கையெழுத்தை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"லேப்ல கூப்பிடறாங்க. வேலைக்குத் திரும்பிப் போகலாமா?" ஆகாது.

"பிள்ளையை அண்ணி பாத்துக்கறேன்னு சொல்றாங்க. இப்ப வேலைக்குத் திரும்பலாமா?" ஆகாது.

"நீங்கதானே? அன்னைக்கு மூணு தடவை எனக்காகச் சொன்னீங்களே. இது அது இல்ல. இது ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. திரும்பிப் போகலாமா?" ஆகாது.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. கேள்வி சின்னதாகிக்கொண்டே வந்தது. எட்டாவதில் "ஏன்?" என்ற வார்த்தையும் சேர்ந்திருந்தது. ஒன்பதாவதில், "வேலைக்குத் திரும்பிப் போனா அவர் அங்க வந்துடுவாரா? அதைத்தான் சொல்றீங்களா?" ஆகாது. பத்தாவதை எழுதிவிட்டு அடித்திருந்தாள். அடித்த எழுத்துக்குள்ளும் அந்த வார்த்தை இருந்தது. அதற்கும் ஆகாது.

வடிவு கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமதியைக் காப்பாற்றிவிட்டதாக நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சாப்பிடும்போது சில நாள் நினைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணோ பதினைந்து நாள் அந்தக் கதவின் முன் நின்று, உள்ளே வடிவு இருக்கிறாள் என்று நம்பிக் கேட்டிருக்கிறாள். உள்ளே வடிவின் பட்டன் மட்டும்தான் இருந்தது.

பத்துக்கும் தவறு என்று குறித்தாள். பதினொன்றாவதைத் திறந்தாள்.

குவளை, கரண்டி, தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவு மூடும் முன் கண் பிடித்ததில் நைட்டி இல்லை. இஸ்திரி போட்ட சுடிதாரின் முனையும், தோளில் மாட்டிய பையின் வாரும் தெரிந்தன. தாளில் எழுதியிருந்தது:

"உங்களைக் கேக்கலை. சொல்றேன். திங்கக்கிழமை வேலைக்குத் திரும்பிப் போறேன். நீங்க எதை வேணா சொல்லுங்க."

எந்திரம் அதற்கும் ஆகாது என்றுதான் சொல்லியிருந்தது.

அதற்குப் பிறகு படம் இல்லை. வடிவு அடுத்த பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். பட்டியல் அத்தோடு முடிந்திருந்தது.

ஞானதுரை பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவர், அவள் அசையாமல் இருப்பதைப் பார்த்து அருகே வந்தார். குனிந்து படித்தார். பையைக் கீழே வைத்தார்.

"இதுல கேள்வியே இல்லையேம்மா," என்றார்.

"ஆமா சார்."

"அப்ப எதைப் போட? சரியா, தவறா?"

"ஒண்ணும் போட வேண்டாம் சார். அவ போயிட்டா."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். பிறகு ஒதுக்கி வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் எதுவும் குறிக்காமல் மூடினாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஞானதுரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"வெறுமையா அனுப்பினா தலைமை அலுவலகத்துல கேப்பாங்க," என்றார்.

"கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க சார். எந்திரத்துக்கும் அதைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் 'அனுப்பு' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. "இருநூற்றுப் பதின்மூன்று இடங்கள் நிரப்பப்படவில்லை. தொடரலாமா?"

ஞானதுரை அவளைப் பார்த்தார்.

"தொடரலாம் சார்," என்றாள் செண்பகவடிவு.